காட்டோர மண்ணும் கொக்கிப்புழுவும்

ஓசூரை அடுத்த சானமாவுக் காப்புக்காடு ஒருபுறம் தொழிற்சாலைகளையும் மறுபுறம் ராகி வயல்களையும் எல்லையாகக் கொண்டிருக்க, அதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தேன்கனிக்கோட்டை மலைப்பகுதியில் இருளர் பழங்குடியினர் காட்டை ஒட்டிய சிற்றூர்களில் வாழ்ந்து வருகின்றனர். இத்தகைய ஊர்களின் உடல்நலத்தை ஆராய்வோர், ஆண்டுக்கணக்கில் மறைந்திருந்து உடலை மெலியவைக்கும் குடற்புழுக்களைக் கவனியாமல் விட முடியாது.

மண்வழிப் பரவும் குடற்புழுக்களில் உருண்டைப்புழு, சாட்டைப்புழு, கொக்கிப்புழு ஆகிய மூன்றும் முதன்மையானவை. முதல் இரண்டின் முட்டைகள் கழுவாத கை, காய்கறி, நீர் ஆகியவற்றின் வழியே வாய்க்குள் செல்ல, கொக்கிப்புழுவோ பெரும்பாலும் வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுள் நுழைகிறது. திறந்தவெளியில் கழிக்கப்பட்ட மலத்திலுள்ள அதன் முட்டைகள், நிழலும் ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள மண்ணில் ஓரிரு நாளில் பொரிந்து, ஐந்து முதல் பத்து நாட்களில் தொற்றும் தன்மை பெற்ற இளம்புழுக்களாகின்றன. தோலைத் துளைத்தவை குருதியோடு நுரையீரலுக்குச் சென்று, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலை அடைந்து, அங்கே ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சுகின்றன. ஒரு புழுவால் நாளொன்றுக்கு இழக்கப்படும் இரத்தம் மிகச் சிறிதே எனினும், பல புழுக்கள் பல மாதங்கள் தங்கும்போது, இரும்புச்சத்துக் குறைந்த உணவை உண்போருக்கு இரத்தசோகை ஏற்படுகிறது. கருவுற்ற பெண்களும் வளரும் பிள்ளைகளும் இதனால் பெரிதும் தளர்கின்றனர்.

தமிழகத்தில் கொக்கிப்புழுத் தொற்றுக்கான தெளிவான சான்று திருவண்ணாமலை மாவட்டத்தின் சவ்வாது மலையிலிருந்து கிடைக்கிறது. மலையாளிப் பழங்குடியினர் வாழும் அம்மலை ஊர்களில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் மேற்கொண்ட ஆய்வுகளில் கொக்கிப்புழுவே மேலோங்கி இருந்தது; பெரியவர்களிடமும் அது பரவலாகக் காணப்பட்டது. ஆனால் இந்தியாவில் 2015 முதல் நடைபெறும் தேசியக் குடற்புழு நீக்க நாளில், முதன்மையாக 1 முதல் 19 வயது வரையுள்ளோருக்கே அல்பெண்டசோல் மாத்திரை வழங்கப்படுகிறது. பிள்ளைகளின் குடல் தூய்மையானாலும், அதே வயலுக்கும் காட்டுக்கும் செல்லும் பெற்றோரின் உடலில் புழு தங்கியிருந்தால், அவர்கள் கழிக்கும் மலத்தால் மண் மீண்டும் மாசடைகிறது. ஊரார் அனைவருக்கும் மாத்திரை கொடுத்தால் பரவலை அறவே நிறுத்த முடியுமா என்று கண்டறிய, சவ்வாது மலையிலும் திமிரி வட்டாரத்திலும் டிவார்ம்3 என்னும் ஆய்வு 2017இல் தொடங்கப்பட்டது. பெனின், மலாவி ஆகிய ஆப்பிரிக்க நாடுகளிலும் அது நடத்தப்பட்டது.

மாத்திரை குடலிலுள்ள புழுவைக் கொல்கிறதே தவிர, மீண்டும் தொற்றாமல் தடுக்கும் ஆற்றலைத் தருவதில்லை. ஆகவே மக்கள் வாழும் நிலையையும் மாற்ற வேண்டும். தண்ணீர் இல்லாத இடத்தில் கட்டப்பட்ட கழிப்பறை விரைவில் விறகு அடுக்கும் அறையாகிவிடுகிறது. அதனால் மக்கள் புதர் மறைவை நாடுகின்றனர். யானைகள் நடமாடும் சானமாவு போன்ற காட்டோரங்களில் விடியலிலும் இருளிலும் வெளியே செல்வது உயிருக்கே ஆபத்தானது என்பதால், வீட்டருகே தண்ணீர் வசதியுள்ள கழிப்பறை இரு வகையிலும் பாதுகாப்பாகிறது.

குழாய்நீர், பயன்படும் கழிப்பறை, காலணி, இரும்புச்சத்து நிறைந்த உணவு, பெரியவர்களையும் உள்ளடக்கிய மருந்து வழங்கல் ஆகியவை ஒருங்கே சென்று சேர்ந்தால்தான் தொற்று குறையும். நகரங்களில் இயல்பாகக் கிடைக்கும் குழாய்நீர், கழிப்பறை போன்ற வசதிகளை மலைச் சிற்றூர்களுக்கும் கொண்டுசேர்ப்பது அரசின் கடமை. அவற்றைப் பெறுவது பழங்குடி மக்களின் உரிமை.