எழுத்து வேலைக்கு ஒரு மடிக்கணினி

சென்ற தவணை விடுமுறையில் ஒருநாட் காலை, எங்கள் கல்லூரியின் பழைய மாணவன் ஒருவன் தன் தந்தையாருடன் என் வீட்டிற்கு வந்தான். பல்கலைக்கழகத்திற் கலைப்பிரிவுக்கு அவனுக்கு அனுமதி கிடைத்திருந்தது. தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்பது அவன் விருப்பம். தந்தையார் கமக்காரர். பிள்ளைக்கு மடிக்கணினி ஒன்று வாங்குவதற்கெனச் சீட்டுக் காசை எடுத்து வைத்திருந்தார். கடையிற் பெற்ற இரண்டு விலைத்தாள்களை என் முன்னே விரித்து, "ஐயா, இதில் எழுதியிருப்பது ஒன்றும் எங்களுக்கு விளங்கவில்லை. ஒன்று மற்றதைப்போல இரண்டு மடங்கு விலை. விலை கூடியதைத்தான் எடுக்கவேண்டும் என்று கடைக்காரத் தம்பி சொல்லுகிறார். பிள்ளை எழுதுவதற்கு எது உதவும் என்று நீங்கள் சொன்னாற் போதும்" என்றார்.

அத்தாள்களை வாசித்தேன். புரோசசரின் வேகம், விளையாட்டுக்களுக்குரிய சித்திரப் பலகை, விசைகளின் கீழே நிறம் மாறி ஒளிரும் விளக்கு ஆகியவை பெரிய எழுத்திற் பொறிக்கப்பட்டிருந்தன. விரல்கள் நாள்முழுதும் தொடப்போகும் விசைப்பலகை எத்தகையது, கண்கள் நாள்முழுதும் நோக்கப்போகும் திரை எத்தகையது என்பன பற்றி ஒரு சொல்லுமில்லை. நேயர்களே, அன்று அவ்விருவரோடும் பேசியவற்றையே இன்று உங்களோடும் பேச விழைகின்றேன்.

முதலில், எழுத்து என்பது கணினிக்கு எவ்வளவு பாரமுள்ள சுமை என்று பார்ப்போம். இன்று வழங்கும் முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைற்று இடத்தைப் பிடிக்கும். 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள் உள்ளன. ஆகவே அதற்கு 15 பைற்று வேண்டும். பக்கத்துக்கு 300 சொல்லாக 300 பக்கங் கொண்ட ஒரு நூலில் 90,000 சொற்கள் இருக்கும். சொல்லுக்கு எட்டுக் குறியும் ஓர் இடைவெளியும் என்று கொண்டால், நூல் முழுதும் 22½ இலட்சம் பைற்றுக்குள் அடங்கிவிடும். கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரே ஒரு நிழற்படம் பலவேளை இதனிலும் பெரிதாயிருக்கும். வேகமும் அப்படியே. எத்துணை விரைவாகத் தட்டச்சுச் செய்வோரும், இக்காலத்து மிக எளிய புரோசசரைக்கூடக் களைப்படையச் செய்யமாட்டார். ஆகவே விலை கூடிய புரோசசருக்கும் சித்திரப் பலகைக்கும் கொடுக்கும் பணம், எழுதுபவனைப் பொறுத்தவரை, ஏர் பூட்டுவதற்குப் பந்தயக் குதிரை வாங்கிய பணமாகும்.

எனினும் இரண்டு இடங்களிற் கைச்சுருக்கம் கூடாது. ஒன்று நினைவகம். 8 கிகாபைற்றுக்குக் குறைந்ததை இன்று வாங்குதல் தகாது. இயலுமாயின் 16 நன்று. சில மெல்லிய மடிக்கணினிகளில் நினைவகத்தைத் தாய்ப்பலகையோடு ஒட்டிவிடுகிறார்கள். பின்னர் அதைக் கூட்ட வழியில்லை. மற்றது சேமிப்பகம். சுழலுந் தட்டுடைய பழைய வன்தட்டைத் தவிர்த்து, எஸ்.எஸ்.டி. எனப்படும், அசையும் உறுப்பில்லாத சேமிப்பகத்தையே கேட்டு வாங்கவேண்டும். அது விரைவானது, பேருந்திற் குலுங்கினாலும் அஞ்சவேண்டியதில்லை. 256 கிகாபைற்று தாராளம்.

இனித் திரை. இது தமிழ் எழுதுவோர் தனியே கவனிக்கவேண்டிய ஒன்று. ஆங்கில எழுத்துக்களிற் பெரும்பாலானவை நேர்கோடுகளும் சில வளைவுகளும் மாத்திரமே. நம் எழுத்திலோ 'நி' என்பதற்கும் 'நீ' என்பதற்கும் உள்ள வேற்றுமை கொக்கியின் நுனியிலுள்ள ஒரு சிறு சுழியேயாம். மெய்யையும் உயிர்மெய்யையும் பிரிப்பது ஒரு புள்ளி. மலிவான மடிக்கணினிகள் சில இன்னமும் 1366க்கு 768 என்ற அளவுள்ள திரையோடு விற்கப்படுகின்றன. அதில் ஏறக்குறைய 10½ இலட்சம் ஒளிப்புள்ளிகள் உள்ளன. 1920க்கு 1080 என்ற திரையில் 20 இலட்சத்துக்கும் மேலுண்டு. முன்னையதிற் சுழியும் புள்ளியும் மங்கிக் கலங்கும். மெய்ப்புப் பார்ப்பவர் கண்ணைச் சுருக்கிச் சுருக்கித் தலைவலிக்கு ஆளாவார். பின்னையதையே கேளுங்கள். பளபளப்பற்ற திரையாயின், யன்னலோரத்திலிருந்து எழுதும்போது உங்கள் முகமே உங்களுக்கு எதிரே தெரியாது. கடையில் ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து, சாதாரண எழுத்தளவில், இரண்டடி தள்ளியிருந்து வாசித்துப் பார்த்தலே சிறந்த பரீட்சை.

விசைப்பலகையையும் அங்கேயே பரீட்சிக்கவேண்டும். நான் ஒரு கடையில் நாற்காலி கேட்டு வாங்கியிருந்து கால்மணி நேரம் தட்டச்சுச் செய்தேன். கடைப்பையன் முகஞ் சுளித்தான். சுளித்தாலென்ன? செருப்பை அணிந்து நடந்து பாராமலா வாங்குகின்றோம்? விசை அழுந்தும்போது விரலுக்கு அது தெரியவேண்டும். கல்லைத் தட்டுவதுபோல் இருத்தல் கூடாது. நடுவில் அழுத்தினாற் பலகை வளைதலும் கூடாது.

விசைகளில் தமிழெழுத்து இல்லையே என்று சிலர் கவலைப்படுவர். இல்லாமலிருப்பதே நல்லது. எழுத்தைப் பார்த்துத் தட்டுபவர் என்றும் பார்த்தே தட்டுவார். எந்த முறையிற் பழகுவது என்பதுதான் கேள்வி. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப்பொறிக்கு விசைகளை வகுத்த காலத்திற் பொறியின் இரும்புக் கைகளுக்கு ஏற்பவே எழுத்துக்களை வைக்கவேண்டியிருந்தது. இத்தனை எழுத்துக்களைச் சில பத்து விசைகளுள் அடக்கியது பெருஞ் சாதனை. அவ்வழி வந்த பழக்கத்தில், 'கெ' எழுதும்போது கொம்பை முதலில் அடித்துப் பின்னரே ககரத்தை அடிப்போம். கணினிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையடுத்துத் தமிழ்நாட்டரசு ஏற்றுக்கொண்ட தமிழ் 99 என்னும் முறையில், உயிரெழுத்துக்கள் இடக்கைக்கும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கும் வருகின்றன. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதன்மேற் புள்ளி தானே விழும். 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டுப் போதும். புதிதாகப் பழகுபவருக்கு இதுவே என் பரிந்துரை. ஆங்கில எழுத்தால் ஒலியைத் தட்டித் தமிழாக்கும் முறையும் உண்டு. அது விரைவிற் கைவரும். ஆயினும் தமிழ்ப் பிள்ளை 'ழ'கரத்தை எழுதுமுன் அதற்குரிய ஆங்கில எழுத்து எது என்று எண்ணவேண்டியிருப்பது எனக்கு உவப்பாயில்லை. பழைய தட்டச்சாளர்கள் தம் விரற்பழக்கத்தை மாற்றவேண்டியதில்லை, மாற்றவேண்டியது வேறொன்று.

அதனை என் நண்பர் ஒருவருக்கு நேர்ந்ததைக் கொண்டு விளக்குவேன். ஓய்வுபெற்ற ஆசிரியர். தம் ஊரின் குளங்கள், கோயில்கள், காணிப் பெயர்கள், கூத்துமரபு என்பன பற்றி ஒன்பது ஆண்டுகளாகத் தகவல் திரட்டிக் கணினியில் எழுதிவந்தார். அவருக்குத் தகவல் கொடுத்த முதியவர்களிற் பலர் இன்றில்லை. ஒருநாள் வன்தட்டு நின்றுவிட்டது. திருத்துபவரிடம் கொண்டுபோனார், பயனில்லை. ரொறன்ரோவிலுள்ள மகனுக்கு முன்னொருகால் மின்னஞ்சலில் அனுப்பிய பிரதி நினைவுக்கு வந்தது. மகன் அதைத் தேடியெடுத்துத் தன் தொலைபேசியிலே திறந்தபோது, அங்கே தமிழே இல்லை. 'தமிழ்' என்று தந்தை எழுதிய இடங்களிலெல்லாம் ஜே, கே, பீ, ஓ, அதன்பின் ஓர் அரைப்புள்ளி. நூற்றெண்பது பக்கமும் இவ்வாறே.

காரணம் இதுதான். அவர் பாமினி என்னும் எழுத்துருவிலே எழுதியிருந்தார். ஈழத்தவரிடையே நெடுங்காலம் பெருவழக்காயிருந்த அவ்வெழுத்துரு, ஆங்கில எழுத்துக்களுக்குத் தமிழ் வேடம் அணிவிப்பது. கணினி உள்ளே சேமிப்பது 'ஜே' என்ற ஆங்கில எழுத்தையே. திரையில் மாத்திரம் அது 'த'வாகத் தோன்றும். எழுத்துரு இல்லாத இடத்தில் வேடம் கலைந்துவிடும். யூனிகோட் எனப்படும் ஒருங்குறியிலோ தமிழெழுத்துக்களுக்கு அவற்றுக்கேயுரிய எண்கள் உள்ளன. 1991இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. ஒருங்குறியில் எழுதிய 'த' எந்நாட்டில், எப்பொறியில் திறந்தாலும் 'த'வே. நண்பரின் எழுத்தை ஒருங்குறிக்கு மாற்றுவதற்கு இணையத்திலே இலவச மாற்றிகள் கிடைத்தன. ஓரிரு மாலைகளில் வேலை முடிந்தது. ஆயினும் மின்னஞ்சல் அனுப்பிய பின்னர் அவர் எழுதிய இரண்டு ஆண்டு வேலை எந்த மாற்றிக்கும் எட்டாமற் போயிற்று.

விரல் தட்டும் முறை வேறு. கணினி சேமிக்கும் முறை வேறு என்பதைப் பலர் அறியார். பாமினி முறையிலேயே தட்டி ஒருங்குறியிலே சேமிக்கும் மென்பொருள்கள் உள்ளன. இலங்கை நியமத்திலுள்ள ரெங்கநாதன் விசைப்பலகையும் தட்டச்சுப்பொறி வழிவந்ததே. பழகிய கைக்கு அந்நியமாயிராது. அச்சகத்தார் பாமினியிலேயே தரும்படி கேட்டால், அவருக்கென ஒரு பிரதியை மாற்றிக் கொடுங்கள். உங்கள் மூலப்பிரதி ஒருங்குறியில் இருக்கட்டும்.

மின்சாரத்தையும் எண்ணவேண்டும். 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை எவரும் மறந்திருக்கமாட்டீர்கள். பற்றறியின் கொள்ளளவை வாற்று மணி என்ற கணக்கிற் குறிப்பிடுவர். 50 வாற்று மணிப் பற்றறி, எழுத்து வேலைக்கு மணிக்கு 7 வாற்றளவு செலவாயின், ஏழு மணித்தியாலம் தாங்கும். விளையாட்டுக்கென ஆக்கிய பொறிகள் இவ்வகையிற் பெருந்தீனிக்காரர்.

பாவித்த பொறியை வாங்குவோர் வேறொன்றுங் கேட்டறிய வேண்டும். விண்டோஸ் 10க்கான பொதுப் பாதுகாப்பு உதவியை மைக்குரோசொப்ற் நிறுவனம் 2025 ஒக்ரோபர் 14ஆந் திகதியுடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11ஐ ஏற்கவேண்டுமாயின், இன்ரெல் புரோசசர் பொதுவாக எட்டாந் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாயிருத்தல் வேண்டும். ஏழாந் தலைமுறைப் பொறியை மலிவென்று வாங்கியவர் லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தை நிறுவிக்கொள்ளலாம். எழுத்து வேலைக்கு அதிற் குறைவொன்றுமில்லை. நிறுவித் தருவதற்கு ஒருவர் அருகிலிருத்தல் நலம்.

மென்பொருளுக்குப் பெரும்பணம் வேண்டியதில்லை. லிப்ரே ஒபிஸ் இலவசம். நூல் முழுவதையும் அதில் எழுதி முடிக்கலாம். எழுத்துப்பிழையைக் காட்டுவதற்கு வாணி என்னும் தமிழ்ப் பிழைதிருத்தி இணையத்தில் உண்டு. கூகிளின் குரல்வழித் தட்டச்சு 2017 முதல் தமிழையும் ஏற்கின்றது. விரல்நோவுள்ள முதியவர்களுக்கு அது வரப்பிரசாதம். வல்லெழுத்து மிகுமிடத்தையும் நிறுத்தக் குறிகளையும் நாமே பின்னர் பார்த்துத் திருத்தவேண்டும். அதைச் சோம்பலுக்குத் துணையாக்கும் மாணவரை நான் கண்டிருக்கிறேன்.

எஞ்சுவது பிரதி. 1981ஆம் ஆண்டு மே மாதம் முடிந்து யூன் பிறந்த இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. நான் முன்னர் கூறிய கணக்கை அதனோடு வைத்துப் பாருங்கள். நூலொன்றுக்கு 22½ இலட்சம் பைற்றாயின், அத்தனை நூல்களின் எழுத்தும் 220 கிகாபைற்றுக்குள் வந்துவிடும்; அந்தக் கமக்காரர் கொண்டுவந்த மலிவான விலைத்தாளிலுள்ள பொறிக்குள் ஏறக்குறைய அடங்கிவிடும். அன்று அழிந்தவற்றுள் அச்சு நூல்கள் சிலவற்றுக்கு வேறிடங்களிற் பிரதி இருந்தது. வேறு பிரதியில்லாத ஏடுகள் போனவை போனவையே. 2005ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் படியெடுத்து எவரும் இலவசமாக வாசிக்க வைத்துவருகின்றது.

வீட்டில் எழுதுபவரும் இதைச் சிறிய அளவிற் செய்யலாம். பொறியில் ஒன்று, கழற்றி வைக்கக்கூடிய வெளித்தட்டில் ஒன்று, வேறு ஊரில் ஒன்று. வேறு ஊர் என்பது இணையச் சேமிப்பகமாகவும் இருக்கலாம். கூகிள் 15 கிகாபைற்று வரை இலவசமாகத் தருகின்றது. ஆயுள் முழுவதும் எழுதினாலும் வெறும் எழுத்தால் அதை நிரப்ப முடியாது. வெளித்தட்டைக் கணினிப் பையிலேயே வைத்துக் கொண்டு திரிபவர்களைப் பார்த்திருக்கிறேன். பை தொலைந்தால் இரண்டும் ஒருங்கே தொலையும்.

தந்தையும் மகனும் மலிவான பொறியையே வாங்கினர். மிஞ்சிய காசில் ஒரு வெளித்தட்டும் ஒரு பையும் வாங்கியபின்னும், விடுதிக்குக் கட்டவேண்டிய முதன்மாதப் பணம் கையில் இருந்ததாம். பல்கலைக்கழகம் தொடங்குமுன் விரற்பயிற்சிக்காகத் தன் பாட்டியார் பாடும் அருவிவெட்டுப் பாட்டுக்களைத் தமிழ் 99இல் தட்டச்சுச் செய்து கொண்டிருப்பதாக மகன் சொன்னான். இதுவரை இருபத்தாறு பாட்டு. வெளித்தட்டு, வீட்டு அலுமாரியில், காணி உறுதிகளோடு இருக்கின்றது.