வரிசையில் வந்த நடனம், வட்டத்தில் பிறக்கும் ஸ்டைல்

தண்டையார்பேட்டையில் நாற்பதைத் தாண்டியவரிடம் பிரேக் டான்ஸ் என்றால், யோசிக்காமல் பிரபுதேவா என்பார். இருபதுகளில் இருப்பவர் ஏதாவது டிவி நடன நிகழ்ச்சியைச் சொல்வார். இரண்டு பதில்களிலும் நாம் பார்ப்பது ஒரே காட்சி: நடுவில் ஒருவர், பின்னால் வரிசையாகப் பலர், எல்லோருக்கும் ஒரே ஸ்டெப்.

2024 ஆகஸ்ட் 9, 10 தேதிகளில் பாரிஸ் ஒலிம்பிக்கில் ‘பிரேக்கிங்’ என்ற பெயரில் இந்த நடனம் முதல்முறையாகப் பதக்கப் போட்டியானபோது, அந்தக் காட்சிக்கும் அங்கே நடந்ததற்கும் சம்பந்தமே இல்லை. இருவர் எதிரெதிரே நின்றார்கள். எந்தப் பாட்டு வரும் என்று இருவருக்கும் தெரியாது. ஒருவர் ஆடும்போது மற்றவர் முறைத்துக்கொண்டோ சிரித்துக்கொண்டோ நின்றார். பிறகு முறை மாறியது.

நாம் பிரேக் டான்ஸ் என்று நினைத்துக்கொண்டிருந்தது என்ன? அது உண்மையில் என்ன? இதற்கு விடை தேடிப் போனால், அந்த நடனம் தமிழ்நாட்டுக்கு வந்த வழியில் தன்னுடைய பாதியைத் தொலைத்துவிட்டு வந்தது தெரிகிறது. தொலைத்த அந்தப் பாதி, வடசென்னைக்கு ஏற்கெனவே பழக்கமான ஒன்று.

தாளம் மட்டும் ஒலிக்கும் அந்தச் சில நொடிகள்

1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் செட்விக் அவென்யூ 1520 எண் கட்டடத்தில், சிண்டி கேம்பல் என்ற பெண் பள்ளி திறக்கும் முன் ஒரு பார்ட்டி வைத்தார். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் கட்டணம். இசைத்தட்டு சுழற்றியவர் அவருடைய அண்ணன் கிளைவ். ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பையன். ‘டிஜே கூல் ஹெர்க்’ என்று பின்னால் உலகம் அறிந்தவர்.

ஹெர்க் ஒன்றைக் கவனித்திருந்தார். பாட்டின் நடுவே பாடலும் மற்ற வாத்தியங்களும் அடங்கி, டிரம்மும் பேஸும் மட்டும் ஒலிக்கும் சில நொடிகள் வரும். அதுதான் ‘பிரேக்’. ஆட்டக்காரர்கள் அதற்காகவே காத்திருந்தார்கள். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு டர்ன்டேபிளில் வைத்து, ஒன்றில் பிரேக் முடிந்ததும் மற்றதில் தொடங்கி, அந்தச் சில நொடிகளை நிமிடக்கணக்கில் நீட்டினார் ஹெர்க். அந்த நேரத்தில் உள்ளே புகுந்து ஆடியவர்கள் பி-பாய்கள், பி-கேர்ள்கள் ஆனார்கள்.

அன்றைய பிராங்க்ஸ் வசதியான இடமல்ல. கிராஸ் பிராங்க்ஸ் விரைவுச்சாலை குடியிருப்புகளைப் பிளந்துகொண்டு போயிருந்தது. வேலைகள் போய்விட்டன, வீடுகள் எரிந்துகொண்டிருந்தன. கருப்பினத்தவரும் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்களுமான பிள்ளைகளுக்குச் செலவில்லாமல் கிடைத்தவை தரையும் உடம்பும்தான். கண்டெய்னர் லாரிகள் ஊருக்குள் ஊர்ந்துபோகும் எண்ணூர் நெடுஞ்சாலையையும், 1996-ல் மூடப்பட்ட பின்னி மில்லையும் அறிந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

மூன்வாக் பிரேக்கிங் அல்ல

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். உடம்பில் அலை ஓடவிடுவது, ரோபோ போல வெட்டி வெட்டி ஆடுவது, பின்னோக்கி வழுக்குவது ஆகியவை பிரேக்கிங்கில் சேராது. அவை கலிபோர்னியாவில் வளர்ந்த ‘பாப்பிங்’ மரபைச் சேர்ந்தவை. ‘லாக்கிங்’ என்ற இன்னொன்றும் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வந்தது. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பத்திரிகைகளும் சினிமாவும் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி ‘பிரேக்டான்ஸ்’ என்று பெயர் ஒட்டின. அந்தக் கட்டுதான் இங்கேயும் வந்து இறங்கியது.

பிரேக்கிங்கின் அடிப்படை நான்கு. நின்றுகொண்டே காலால் தாளம் பிடிக்கும் ‘டாப்ராக்’. கைகளைத் தரையில் ஊன்றி, கால்களை உடம்பைச் சுற்றி ஓட்டும் ‘ஃபுட்வொர்க்’. முதுகிலும் கையிலும் தலையிலும் சுழலும் விண்ட்மில், ஃபிளேர், ஹெட்ஸ்பின் போன்ற ‘பவர் மூவ்’கள். தாளம் விழும் இடத்தில் உடம்பை அப்படியே நிறுத்தும் ‘ஃப்ரீஸ்’. வெளியாட்கள் பவர் மூவுக்குக் கை தட்டுவார்கள். ஆட்டக்காரர்களின் கண் டாப்ராக்கில் இருக்கும், ஏனென்றால் ஒருவர் யார் என்பது அவர் நடந்து உள்ளே வரும் விதத்திலேயே தெரிந்துவிடும்.

உடம்பு இதற்கு விலை கொடுக்கிறது. மணிக்கட்டும் முட்டியும் முதலில் அடி வாங்கும். பல ஆண்டுகள் தலையால் சுழன்ற டென்மார்க் ஆட்டக்காரர் ஒருவருக்கு உச்சந்தலையில் உருவான கட்டியை அறுவை சிகிச்சை செய்து அகற்றியதை, 2024-ல் ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்தது.

காப்பி அடித்தால் மானம் போகும்

ரஜினி மாதிரி சல்யூட் அடிப்பவரை நாம் ரசிகர் என்கிறோம், கைதட்டலும் கிடைக்கும். பி-பாய்களிடம் அது செல்லாது. இன்னொருவரின் தனி அசைவை எடுத்து ஆடுவதை ‘பைட்டிங்’ என்பார்கள். யாராவது அப்படி ஆடினால், எதிரே நிற்பவர் ஒரு கையை மறு கையால் கடிப்பதுபோல் சைகை காட்டி அவமானப்படுத்திவிடுவார்.

அப்படியானால் எல்லாவற்றையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டுமா? இல்லை. ஃபுட்வொர்க்கில் சிக்ஸ் ஸ்டெப்பும் பவர் மூவில் விண்ட்மில்லும் பொதுச்சொத்து. யாரும் கற்கலாம், கற்றே ஆக வேண்டும். அதற்கு மேல் என்ன செய்கிறோம் என்பதே கேள்வி. தென்கொரியாவின் ஹாங் 10-ஐ எடுத்துக்கொள்ளலாம். உடம்பை முறுக்கி நிறுத்தும் ஒரு ஃப்ரீஸுக்கே அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். ரெட்புல் பிசி ஒன் என்ற பிரேக்கிங் போட்டியின் உலகப் பட்டத்தை 2006, 2013, 2023 என்று மூன்று முறை வென்றவர். மூன்றாவது முறை வென்றபோது வயது 38. சுழற்சி வேகத்தில் இளையவர்கள் அவரை மிஞ்சலாம். அவருடைய ஃப்ரீஸை அவர்களால் ஆட முடியாது. ஆடினால் அது பைட்டிங்.

பாரிஸில் ஒன்பது நடுவர்கள் நுட்பம், அசைவுகளின் வளம், பிசிறின்மை, இசையோடு ஒன்றுதல், சொந்தக் கற்பனை ஆகிய ஐந்துக்கும் தலா 20 சதவீதம் கொடுத்தார்கள். ஜப்பானின் அமியும் கனடாவின் ஃபில் விசார்டும் தங்கம் வென்றார்கள். அதே போட்டியில் ஆஸ்திரேலியாவின் ரேகன் மூன்று மோதலிலும் ஒரு வாக்குகூட வாங்காமல் வெளியேறி உலகத்தின் கேலிக்கு ஆளானார். இளம் போட்டியாளர்களின் பவர் மூவ்களோடு மல்லுக்கட்ட முடியாது என்பதால் படைப்பாற்றலை நம்பி இறங்கியதாக அவர் சொன்னார். ஐந்தில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற நான்கையும் விட்டால் என்ன ஆகும் என்பதை அந்த முடிவு காட்டியது. வித்தியாசமாக இருப்பது வேறு, ஸ்டைல் வேறு.

அந்த வேறுபாட்டைக் கற்றுக்கொடுப்பது ‘சைஃபர்’, அதாவது வட்டம். மேடை கிடையாது, நடுவர் கிடையாது. சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் ஆட்டக்காரர்கள். ஒருவர் உள்ளே போய் சில நொடிகள் ஆடிவிட்டு வெளியே வருவார். அடுத்தவர் அதற்குப் பதில் சொல்வதுபோல் ஆடுவார். எது பழசு, எது திருட்டு, எது புதுசு என்று அந்த வட்டத்துக்குத் தெரியும். ஸ்டைல் ஒருவருடையதுதான், ஆனால் அது அவருடையது என்று சொல்லும் அதிகாரம் வட்டத்திடம் இருக்கிறது. அவர் எந்தக் ‘குரூ’வை, அதாவது எந்த ஆட்டக் குழுவைச் சேர்ந்தவர் என்பதும் அதில் அடங்கும். 1977-ல் தொடங்கிய ராக் ஸ்டெடி குரூ, 1981-ல் லிங்கன் சென்டரில் டைனமிக் ராக்கர்ஸோடு மோதியது இன்றும் பேசப்படுகிறது.

சினிமா செய்ததும் செய்யாததும்

1983-ல் வந்த ‘ஃபிளாஷ்டான்ஸ்’, அடுத்த ஆண்டு வந்த ‘பீட் ஸ்ட்ரீட்’, ‘பிரேக்கின்’ ஆகிய படங்கள் வீடியோ கேசட்டில் உலகம் சுற்றின. தமிழில் நாகேஷின் மகன் ஆனந்த் பாபு அந்த அலையை முன்னால் பிடித்தவர்களில் ஒருவர். இந்தி ‘டிஸ்கோ டான்ஸ’ரைத் தழுவி 1985-ல் வந்த ‘பாடும் வானம்பாடி’யில் அவர்தான் நாயகன். பிறகு பிரபுதேவா வந்தார். பரதநாட்டியம் கற்ற உடம்பு, நடன இயக்குநர் சுந்தரம் மாஸ்டரின் மகன். 1993-ல் ‘ஜென்டில்மேன்’ படத்தின் சிக்குபுக்கு ரயிலும், அடுத்த ஆண்டு ‘காதலன்’ படத்தின் முக்காலாவும் ஒரு தலைமுறையையே ஆட வைத்தன. அந்த ஆட்டத்தில் பாப்பிங்கும் மைக்கேல் ஜாக்சனும் நம்மூர்க் குத்தும் கலந்திருந்தன. பிரேக்கிங் கொஞ்சம்தான்.

இது குறையல்ல. சினிமாவுக்குத் தேவைப்பட்டது வரிசை. முன்னால் நாயகன், பின்னால் ஐம்பது பேர், எட்டு எண்ணிக்கைக்குள் எல்லோருக்கும் ஒரே அசைவு. பின்வரிசையில் இருப்பவர் தன் ஸ்டைலைக் காட்டினால் டேக் வீணாகும். அப்படியே ஆடுவதுதான் அங்கே திறமை. கல்லூரி விழாவும் டிவி போட்டியும் சினிமாவைப் பார்த்து வளர்ந்ததால் இதே இலக்கணம் அங்கும் தொடர்ந்தது. அசைவுகள் திரையேறி வந்தன. கேள்வியும் பதிலுமான அந்த வட்டம் வரவில்லை.

வடசென்னையின் வட்டங்கள்

ஆனால் வட்டம் இங்கே இல்லாமல் இல்லை. சாவு மேளத்துக்கு ஆடும் பையன்கள் வரிசை கட்டுவதில்லை. மேளக்காரர்கள் முன்னால் இடம் திறக்கும். ஒருவன் உள்ளே போவான். அடி மாறும்போது அவன் உடம்பும் மாறும். அவனை ஓரங்கட்டிவிட்டு அடுத்தவன் வருவான். யார் ஆட்டம் யாருடையது என்று அந்தத் தெருவுக்குத் தெரியும். சாவு வீட்டு இரவுகளில் வளர்ந்த கானாவுக்கும் இந்தக் குணம் உண்டு. பாட்டு பொது, மெட்டு பொது. பாடுகிறவரின் இழுப்பும் நக்கலும் அவருடையவை. இந்த ஆட்டத்தையும் பாட்டையும் ரவுடித்தனம் என்று ஒதுக்கிய பார்வைக்குப் பின்னால் சாதி இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2018 ஜனவரியில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு கானாவையும் ராப்பையும் ஒரே மேடையில் ஏற்றியபோது, இரண்டும் ஒட்டவைத்ததுபோல் தெரியாததற்குக் காரணம் இரண்டுக்கும் பொதுவான இந்தக் குணம்தான்.

குத்துச்சண்டையை எடுத்துக்கொண்டால் பொருத்தம் இன்னும் நெருங்குகிறது. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரைகளாகப் பிரிந்து மோதியது வடசென்னை. பரம்பரை என்பது இங்கே ரத்த உறவைக் குறிப்பதில்லை. வாத்தியார், பயிற்சிக் கூடம், விட்டுக்கொடுக்காத பெயர், தலைமுறை தாண்டும் பகை எல்லாம் சேர்ந்தது. ஒரு குரூவுக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைக்காது. 1980-ல் முகமது அலி சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியில் ஆடியபோது, இந்த ஊர் பார்க்கத் துடித்தது அவருடைய குத்தை மட்டுமல்ல, காலாட்டத்தையும்தான். ‘சார்பட்டா பரம்பரை’ படத்தில் சில நிமிடங்களே வந்த டான்சிங் ரோஸ், நாயகனுக்கு நிகராகக் கொண்டாடப்பட்டதும் ஸ்டைலுக்காகத்தான்.

இதனால் சாவு ஆட்டமும் பிரேக்கிங்கும் ஒன்று என்று சொல்லிவிட முடியாது. சாவு ஆட்டத்தில் ஜெயிப்பவர் இல்லை. அது துக்கத்தின் ஒரு வடிவம். பிரேக்கிங் போட்டியில் வளர்ந்தது. அதற்கென்று அசைவுகளின் அகராதியே உண்டு. பொதுவாக இருப்பது, ஆட்டத்தை யார் மதிப்பிடுகிறார்கள் என்ற விஷயம். இரண்டிலும் அது சுற்றி நிற்பவர்களின் வேலை.

தாராவியிலிருந்து ஒரு பாடம்

வட்டம் கூடினால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழர்கள் பெருமளவில் வாழும் மும்பையின் தாராவி உதாரணம். அங்கே ‘ஸ்லம்காட்ஸ்’ குழுவின் பி-பாய் அக்கு போன்றவர்கள் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் பிரேக்கிங் சொல்லிக்கொடுத்தார்கள். அதே தாராவியில் தமிழிலும் ராப் பாடும் டோபடெலிக்ஸ் குழு உருவாகி, 2018-ல் ‘காலா’ படத்தின் பாடல்கள் வரை வந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் ரெட்புல் பிசி ஒன் உலக இறுதிப் போட்டியே மும்பையில் நடந்தது. நெதர்லாந்தின் மெனோ தன் மூன்றாவது பட்டத்தை அங்கே வென்றார். இந்தியாவிலிருந்து மும்பையின் ஃபிளையிங் மெஷினும் பெங்களூருவின் பி-கேர்ள் ஜோவும் களமிறங்கினார்கள். ஜோவின் ஆட்டத்தில் யோகாவும் களரியும் கலந்திருப்பது தற்செயல் அல்ல. எங்கிருந்து வருகிறோமோ அதைத் தரைக்குக் கொண்டுவந்தால்தான் வட்டம் மதிக்கும்.

தரைதான் கேள்வி

2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் பிரேக்கிங் இல்லை. 1984-ல் அதே ஊர் ஒலிம்பிக் நிறைவு விழாவில் பிரேக் டான்ஸர்களை ஆடவைத்து உலகத்துக்குக் காட்டியது என்பது வேறு கதை. பதக்கம் போனதால் நடனம் போய்விடாது. ஒலிம்பிக் இல்லாமலேயே அது ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறது.

வடசென்னையில் தட்டுப்பாடு ஆளுக்கோ தாளத்துக்கோ அல்ல, இடத்துக்குத்தான். கரணம் பழக மணல் வேண்டும். துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் தெற்கே மெரினாவில் மணலைச் சேர்த்தன. வடக்கே ராயபுரம் தொடங்கி கடற்கரையை அரித்தன. மணல் இருக்க வேண்டிய பல இடங்களில் இன்று கருங்கல் கொட்டிக் கிடக்கிறது. மொட்டை மாடித் தரை உள்ளங்கையைக் கிழிக்கும். தெருவில் வண்டிகளின் ஓட்டம் ஓயாது. 2024 மார்ச்சில் தொடங்கிய வடசென்னை வளர்ச்சித் திட்டம் போன்றவற்றில் ஒரு வழவழப்பான தரை, மேலே கூரை, ஒரு ஸ்பீக்கருக்கான மின் இணைப்பு ஆகியவற்றுக்கு ஆகும் செலவு, ஒரு கால்பந்துத் திடலுக்கு ஆவதில் சிறு பங்குகூட இராது. பெண் பிள்ளைகள் அச்சமின்றி வந்து பழகும் நேரமும் வெளிச்சமும் இருந்தால் இன்னும் நல்லது.

அங்கே பிரேக்கிங் கற்கும் பிள்ளைகள் அடுத்த பிரபுதேவா ஆக வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கத் தேவையில்லை. பிரபுதேவாவை அப்படியே ஆடிக்காட்டினால் வட்டத்தில் நிற்பவர்களே கையைக் கடித்துக் காட்டி வெளியே அனுப்பிவிடுவார்கள்.