தீவுக் கடல் – 11: பாதைக்கு எந்த எஞ்சின்?

ஊர்காவற்றுறை இறங்குதுறையில் நின்றால் காரைநகர் கண்ணுக்கு எதிரே தெரியும். நடுவில் கடற்கோட்டை. தரைவழியே போவதென்றால் வேலணை, பண்ணை, யாழ்ப்பாணம், பொன்னாலை என்று ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றர் சுற்ற வேண்டும். அந்தச் சுற்றைத் தவிர்க்க இருப்பது பாதை. இரும்பு மிதவைகளின் மேல் ஒரு தட்டையான தளம், ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும் ஏறி நிற்க இடம், தள்ளிக்கொண்டு போக எஞ்சின். எஞ்சின் பழுது, பாதைச் சேவை நின்றுவிட்டது என்ற செய்தியை இங்குள்ளவர்கள் பலமுறை படித்துவிட்டார்கள். அது நின்ற நாளில் மாணவரும் நோயாளரும் வேலைக்குப் போகிறவர்களும் அந்த நாற்பது கிலோமீற்றருக்குத் தள்ளப்படுகிறார்கள்.

அப்போதெல்லாம் கரையில் ஒரே பேச்சுத்தான்: இன்னும் பெரிய எஞ்சின் போட வேண்டும். மீன்பிடி வள்ளத்தில் பழகியவர்கள் அப்படி நினைப்பதில் வியப்பில்லை. ஃபைபர் வள்ளம் வேகம் பிடித்ததும் மூக்கைத் தூக்கி நீரின் மேல் ஏறி ஓடும். குதிரைவலு கூடக் கூட ஓட்டமும் கூடும். பாதை ஒருநாளும் அப்படி ஏறாது, நீரை விலக்கிக்கொண்டுதான் போகும். நீரில் படியும் நீளத்தை அடியில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் இந்த வகைக் கலத்தின் உச்ச வேகம் கிடைக்கும். 36 அடிக்கு மணிக்கு 8 கடல்மைல். அதுவும் வடிவான படகுக்கு. சதுர முகப்புள்ள மிதவைக்கு அதில் பாதி கிடைத்தாலே போதும் என்றிருக்க வேண்டும். அதற்கு மேல் எத்தனை குதிரைவலுவைப் பூட்டினாலும் அலைதான் பெருக்கும், பெற்றோல்தான் கரையும்.

பாதைக்கு வேண்டியது தள்ளுவிசை. அதைத் தருவது எஞ்சினின் கீழே சுற்றும் விசிறியும், அதற்கு முன்னாலுள்ள பல்சக்கரங்களும். யமஹாவின் சாதாரண 60 குதிரைவலு எஞ்சினில் பல்சக்கர விகிதம் 1.85. அதே நிறுவனம் பாரமான கலங்களுக்கென்று செய்யும் ‘ஹை திரஸ்ட்’ 60இல் அது 2.33. மேர்க்குரியின் ‘பிக்ஃபுட்’ 60இலும் அதே 2.33தான். எஞ்சின் நிமிடத்துக்கு 5500 சுற்று ஓடும்போது முதலாவதன் விசிறி ஏறக்குறைய 3000 தரம் சுழலும்; மற்றதன் விசிறி 2360 தரம். மெதுவாகச் சுழல்வதால் அதற்குப் பெரிய விசிறி மாட்டலாம்: சாதாரண எஞ்சினுக்கு 11 அங்குல விட்டம் என்றால் இதற்கு 14 அங்குலம். கூடுதலான நீரை மெல்லத் தள்ளுகிற விசிறி, குறைந்த நீரை வேகமாக அடிக்கிற விசிறியைவிடக் கூடுதலாக உந்தும். 11 அங்குலத்துக்கும் 14 அங்குலத்துக்கும் இடையில், அதே வலுவுக்கு, ஏட்டுக் கணக்கிலேயே ஆறில் ஒரு பங்கு கூடுகிறது. கடலில் வித்தியாசம் இன்னும் பெரிது. ஏனென்றால் பிட்ச், அதாவது ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய தூரம், 13 அங்குலமாக உள்ள விசிறி 3000 சுற்றில், வழுக்காமல் போனால், மணிக்கு 32 கடல்மைல் ஓட வேண்டும். 4 கடல்மைலில் ஊரும் பாதையில் அதை மாட்டினால் அதன் சுழற்சியில் நூற்றுக்கு 87 பங்கு வழுக்கலாகவே போய்விடும்.

இனி சோளகம். தீவுப் பகுதியில் ஆண்டின் நடு மாதங்களில் தென்மேற்கிலிருந்து அடிக்கும் காற்று பாதையைப் பக்கவாட்டில் பிடித்துத் தள்ளும். மணிக்கு 25 கடல்மைல் காற்று ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஏறக்குறைய 10 கிலோ விசையோடு அழுத்தும். சனங்களும் வாகனங்களும் தடுப்புச் சட்டங்களுமாக 30 சதுர மீற்றர் காற்றுக்கு முகம் காட்டி நின்றால் 300 கிலோ. எஞ்சின் வாங்குமுன் போட வேண்டிய முதல் கணக்கு இது என்பேன். அமைதியான காலை ஒன்றில் எவ்வளவு விரைவாகப் போகும் என்று பார்த்து வாங்கிய எஞ்சின், துறையில் அணைக்கும் நேரத்தில் காற்றிடம் தோற்றுவிடும்.

ஆகவே ஒன்று போதாது, இரண்டு வேண்டும். பின்புறத்தின் இரு மூலைகளிலும். ஒன்றை முன்னுக்கும் மற்றதைப் பின்னுக்கும் போட்டால் பாதை நின்ற இடத்திலேயே திரும்பும். ஒன்று நின்றுபோனாலும் மற்றது கரை சேர்க்கும். இரண்டும் ஒரே மாதிரியானவையாக இருந்தால் ஒரே உதிரிப்பாகப் பெட்டி இரண்டுக்கும் உதவும்.

தண்டின் நீளத்தைப் பலர் கவனிப்பதில்லை. 15, 20, 25 அங்குலம் என்று அவுட்போட் எஞ்சின்கள் வருகின்றன. மிதவையின் தட்டையான அடி தன் பின்னால் கலங்கிய, குமிழி நிறைந்த நீரை விட்டுச் செல்கிறது. விசிறி அந்த அடிமட்டத்துக்குக் கீழே இறங்காவிட்டால் காற்றைத்தான் கடையும். நீள இறக்கினாலோ எங்கள் ஆழமற்ற கடலில் சேறும் கல்லும் தட்டும், கடல் தாவரமான சாதாளை சுற்றும், எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்த் துவாரம் அடைபடும். உயர்த்தி இறக்கக்கூடிய தாங்கியில் 25 அங்குலத் தண்டு என்பதே இதற்கு வழி. தினமும் ஓடும் பெரிய பாதைக்கு உள்ளே பொருத்தும் டீசல் எஞ்சின் நெடுநாளில் சிக்கனமானது. ஆனால் சாதாளையில் சிக்கினால் அதைத் தூக்கிப் பார்க்க முடியாது, பழுதானால் கழற்றி வேறொன்றை உடனே மாட்டவும் முடியாது.

புதிய ஹை திரஸ்ட் எஞ்சின் வாங்கக் காசில்லையா? இருக்கிற எஞ்சினில் விசிறியை மாற்றுங்கள். விட்டம் கூடியது, பிட்ச் குறைந்தது. முழுப் பாரத்தோடு முழு வேகத்தில் வைத்து, சுற்றுமானியைப் பாருங்கள். தயாரிப்பாளர் குறித்த சுற்றெண்ணிக்கையை எஞ்சின் எட்டாமல் திணறினால் விசிறி அதற்குப் பாரம். அப்படியே மாதக்கணக்கில் ஓட்டினால் சூடேறி, கரி படிந்து, பிஸ்டன் போகும். விசிறிக்கு ஆகும் செலவு எஞ்சினின் விலையோடு பார்த்தால் மிகச் சிறிது.

எரிபொருள் விடயத்தில் நம்மவர்கள் பட்டது கொஞ்சமல்ல. யுத்த காலத்துப் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயே அரும்பொருளாக இருந்தது. பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் எஞ்சின்கள்தான் பிறகும் கடற்றொழிலைத் தாங்கின. 2022 ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே நாளில் ஏறியபோது மண்ணெண்ணெய் மலிவு என்ற கணக்கும் உடைந்தது. மலிவு எரிபொருளை நம்பிப் பொதுச் சேவைக்கு எஞ்சின் தெரிவு செய்யலாகாது. நான்கு வீச்சு எஞ்சின் பெற்றோலைக் குறைவாகக் குடிக்கும், எண்ணெய் கலக்கத் தேவையில்லை. ஆனால் அதன் மின்னணுப் பாகம் பழுதானால் திறந்து பார்க்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும். இரண்டு வீச்சு யமஹா என்டியூரோவை இந்தக் கரையில் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகள் நிறைய உண்டு. உதிரிப்பாகமும் பயிற்சியும் விற்பனையாளரின் எழுத்துமூல உறுதியில் இருந்தால் 60 குதிரைவலு நான்கு வீச்சு ஹை திரஸ்ட் இரண்டை வாங்குவேன். இல்லையென்றால் தயங்காமல் 40 குதிரைவலு என்டியூரோ இரண்டு, குறைந்த பிட்ச் விசிறியோடு.

2021 நவம்பர் 23இல் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதவைப் படகு கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பலர் மாண்டார்கள். அதன் பிறகும் எஞ்சினை மட்டும் பேசி, எத்தனை பேர் ஏறலாம், தளத்தில் பாரம் எப்படிப் பரவ வேண்டும் என்பதை விட்டுவிட முடியாது. பெரிய எஞ்சின் வந்துவிட்டது என்பதற்காகக் கூடுதலாக ஒரு வாகனமும் ஏறலாகாது. கேள்விப்பத்திரம் எழுதுகிறவர்கள் குதிரைவலுவுக்குப் பக்கத்திலேயே பல்சக்கர விகிதம், விசிறியின் விட்டமும் பிட்ச்சும், தண்டின் நீளம், ஏற்றக்கூடிய உச்சப் பாரம் ஆகியவற்றையும் எழுத வேண்டும்.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் இந்தியாவின் 1.1 கோடி டொலர் நன்கொடையில் சூரிய ஒளி, காற்று மின்திட்டம் வருகிறது. அதற்கான பாரமான பொருட்களும் கடல்வழியாகத்தான் போக வேண்டும். இறங்குதுறைகள் அவற்றைத் தாங்குமா என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.