அரசைக் கட்டுப்படுத்திய தத்துவம், ஆண்டையைக் கட்டுப்படுத்திய சட்டம்

நாடு குடியரசாகி இருபத்தாறு ஆண்டுகள் கழிந்த பின்னரே, 1976 இல், கல்வராயன் மலையின் மூன்று ஜாகீர்களும் அரசின் வசமாயின. அதுவரை அங்கு வாழ்ந்த மலையாளிப் பழங்குடியினருக்கு நிலத்தின் அதிபதியும், வரி தண்டுபவரும், கூலியில்லா உழைப்பைப் பெறுபவரும் ஜாகீர்தாரே. அரசமைப்புச் சட்டம் நடைமுறையில் இருந்தும் இது எவ்வாறு நீடித்தது? விடை தேட, அரசமைப்புச் சிந்தனையின் தொடக்கத்திற்குச் செல்ல வேண்டும்.

ஆள்வோரின் அதிகாரம் ஆளப்படுவோரின் ஒப்புதலிலிருந்தே பிறக்கிறது என்றார் ஜான் லாக். அதிகாரம் ஒரே கையில் குவிந்தால் விடுதலை இராது என்று 1748 இல் வாதிட்டார் மாண்டெஸ்கியூ. 1787 ஆம் ஆண்டின் அமெரிக்க அரசமைப்பும், 1789 ஆம் ஆண்டின் பிரெஞ்சு உரிமைப் பிரகடனமும் இந்த அறிவொளிக்காலச் சிந்தனையில் வேரூன்றியவை.

ஆனால் அவை அஞ்சியது மன்னனுக்கு, ஆண்டைக்கு அன்று. லாக் பங்கேற்று உருவான 1669 ஆம் ஆண்டின் கரோலினா சாசனம், அடிமையின் மீது எசமானுக்கு முழு அதிகாரம் அளித்தது. அமெரிக்க அரசமைப்பு, பிரதிநிதித்துவக் கணக்கில் அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணியது. 1794 இல் அடிமைமுறையை ஒழித்த பிரான்சு, 1802 இல் தன் குடியேற்றங்களில் அதை மீட்டது. அரசின் கை கட்டப்பட்டது; எசமானின் கை கட்டப்படவில்லை.

இந்த இடைவெளியை அம்பேத்கர் நன்கறிந்திருந்தார். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் ஆகியவற்றைப் பிரெஞ்சுப் புரட்சியிடம் கடன் பெறவில்லை, புத்தரிடமே கற்றேன் என்று 1954 ஆம் ஆண்டு வானொலி உரையில் தெளிவுபடுத்தினார். அவர் வரைவுக் குழுத் தலைவராக இருந்து உருவான அரசமைப்பில் உறுப்பு 14 அரசை நோக்கிப் பேசுகிறது. தீண்டாமையை ஒழிக்கும் உறுப்பு 17, கட்டாய உழைப்பைத் தடுக்கும் உறுப்பு 23 ஆகியன தனிமனிதரையும் கட்டுப்படுத்துகின்றன. ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982 இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. தொடக்ககால அரசமைப்புகள் நின்றுவிட்ட இடத்தை நமது அரசமைப்பு தாண்டியது இங்கேதான்.

எனினும் எழுத்து தானாக மலை ஏறுவதில்லை. உறுப்பு 23 ஐச் செயற்படுத்தும் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டமும் 1976 இல்தான் வந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயத்தால் 60க்கும் மேற்பட்டோர் மாண்ட பிறகே, கல்வராயன் மலை மக்களின் நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்காக எடுத்தது.

எனவே சட்டம் பயிலும் தோழர்கள் ஒவ்வொரு வழக்கிலும் இரு கேள்விகளை எழுப்ப வேண்டும்: அரசு என்ன செய்யத் தவறியது? எந்த ஆண்டையின் கை இன்னும் கட்டப்படாமல் இருக்கிறது? முதற்கேள்வியை அறிவொளிக்காலம் கற்பித்தது. இரண்டாவதை நமக்குக் கற்பித்தவர் அம்பேத்கர்.