லாக் பண்ணலாமா, எழுந்து போகலாமா?

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கோரத்தில், கோவையை ஒட்டிக் கிடக்கிறது வடகரப்பதி. தமிழ் சேனலும் மலையாள சேனலும் ஒரே ரிமோட்டில் மாறி மாறி ஓடும் ஊர். 2012-ல் இங்குள்ளவர்களுக்கு ஒரே ஆட்டம் இரண்டு மொழியில் கிடைத்தது: விஜய் டிவியில் சூர்யா நடத்திய ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’, ஏசியாநெட்டில் சுரேஷ் கோபி நடத்திய ‘நிங்ஙள்க்கும் ஆகாம் கோடீஸ்வரன்’. 1998-ல் பிரிட்டனில் தொடங்கிய வினாடி வினா நிகழ்ச்சியின் கிளைகள்தான் இரண்டும்.

வீட்டிலிருந்து பார்க்கும் நாம் ‘பதில் தெரியுமா, தெரியாதா’ என்றுதான் பார்க்கிறோம். நாற்காலியில் இருப்பவருக்கு அது போதாது. அரைகுறையாகத் தெரிந்தால் பதில் சொல்வதா, கையிலிருக்கும் பணத்தோடு எழுந்து போவதா என்பதை அவர் முடிவு செய்தாக வேண்டும். அவர் கட்டும் பந்தயமே அதுதான்.

இந்தியாவில் பழகிப்போன பரிசு ஏணியில் 10,000 ஒரு பாதுகாப்புப் படி, 3,20,000 இன்னொன்று. அதற்கு மேல் 6,40,000, 12,50,000, 25 லட்சம், 50 லட்சம், ஒரு கோடி. தவறான பதில் சொன்னால் கடைசியாகத் தாண்டிய பாதுகாப்புப் படிக்கு இறங்கிவிட வேண்டும்.

கையில் 6,40,000 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த கேள்வி 12,50,000-க்கு. பதில் சரியென்றால் 6,10,000 கூடும். தவறென்றால் 3,20,000 போகும். போவதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு வருகிறது. கணக்குப் போட்டால் 35 சதவீத உறுதி இருந்தாலே துணிவது லாபம். நான்கு விடைகளில் இரண்டைத் தள்ளிவிட முடிந்தால் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அங்கே எழுந்து போவது நஷ்டம்.

மேலே ஏற ஏற நிலைமை இறுகும். 25 லட்சத்திலிருந்து 50 லட்சத்துக்குப் போக ஏறக்குறைய 47 சதவீத உறுதி வேண்டும். 50 லட்சத்திலிருந்து ஒரு கோடிக்கு 48-க்கும் சற்று மேல். சரியாக 3,20,000-ல் நிற்பவருக்கோ இழக்க எதுவுமில்லை. அடுத்த கேள்விக்குக் கண்ணை மூடிக்கொண்டாவது ஒரு விடை சொல்லிவிட வேண்டும்.

ஆனால் இந்தச் சதவீதமெல்லாம் பலமுறை ஆடுபவருக்கான சராசரி. நாற்காலி வாழ்நாளில் ஒருமுறைதான் கிடைக்கும். போர்வெல் கடனும் மகள் கல்யாணமும் முன்னால் நிற்கும் குடும்பத்துக்கு முதல் 25 லட்சம் தரும் நிம்மதியை அடுத்த 25 லட்சம் தராது. அப்படிப்பட்டவர் 50 சதவீத உறுதியில் எழுந்து போனால் அதைக் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். என்னைக் கேட்டால், அந்த உயரத்தில் 70, 75 சதவீதமாவது தேறினால்தான் துணியலாம். பரிசில் 30 சதவீதம் வருமான வரி உண்டு, செஸ் தனி என்பதையும் மனதில் வைத்தே கணக்குப் போட வேண்டும்.

தடுமாறும்போது கிடைக்கும் உதவியான லைஃப்லைனும் இந்தக் கணக்கில் அடங்கியதுதான். சினிமா, கிரிக்கெட் கேள்வியென்றால் பார்வையாளர்களிடம் கேட்கலாம். அபூர்வமான வரலாற்றுக் கேள்வியில் அவர்களும் ஊகிக்கத்தான் செய்வார்கள்.

எதிராளி இருக்கும் ஆட்டத்தில் பந்தயம் வேறு மாதிரி. அமெரிக்காவின் ‘ஜெப்பர்டி’ வினாடி வினாவில் கடைசிக் கேள்விக்கு முன் ஒவ்வொருவரும் கையிலிருப்பதிலிருந்து ஒரு தொகையை ரகசியமாக எழுத வேண்டும். பதில் சரியானால் அது கூடும், தவறினால் போகும். 2019 ஜூனில், 32 ஆட்டங்கள் தொடர்ந்து வென்றிருந்த ஜேம்ஸ் ஹோல்ஷவர் 23,400 டாலரோடு இரண்டாம் இடத்தில் இருந்தார். முதலிடத்திலிருந்த எம்மா பெட்சரிடம் 26,600, மூன்றாமவரிடம் 11,000. ஜேம்ஸ் இரட்டித்தால் 46,800 வரும். எம்மா 20,201 கட்டினார். பதில் சரியானால் 46,801, ஒரு டாலர் கூடுதல். ஜேம்ஸ் கட்டியது வெறும் 1,399. வேண்டுமென்றே தோற்கிறார் என்று சிலர் சந்தேகப்பட்டார்கள். அது அநியாயம். எம்மா சரியாகச் சொன்னால் எவ்வளவு கட்டியும் ஜேம்ஸ் ஜெயிக்க முடியாது. எம்மா தவறினால் அவர் தொகை 6,399-க்குச் சரியும். அப்போது ஜேம்ஸுக்குப் போட்டி மூன்றாமவர் மட்டுமே. அவர் இரட்டித்தாலும் 22,000. ஜேம்ஸ் தன் பதிலும் தவறிப்போனால்கூட மிஞ்சுவது 22,001. மூவருமே சரியாகப் பதில் சொன்னார்கள், எம்மா வென்றார்.