விருந்தும் புதுமையும்

விருந்து என்னுஞ் சொல்லுக்குப் புதுமை என்பதே முதற்பொருள். தொல்காப்பியர் செய்யுளியலில் எண்வகை வனப்புக்களுள் ஒன்றாக விருந்தினை எண்ணினார். புதிதாகப் புனையப்படுஞ் செய்யுளே ஆண்டு விருந்தெனப்பட்டது. புதியராய் வருவோரை அது குறித்ததும், அவர்க்கிடும் உணவைக் குறித்ததும் அப்புதுமைப் பொருளினின்று விரிந்த வழக்குகளாம். ஆகவே, புதியவரும் புதிய உணவும் ஒரு சொல்லில் அடங்கும் மொழி நம்முடையது.

ஏட்டிற் படித்த இவ்வுண்மையை என் தமக்கையாரின் குசினியிற் கண்கூடாகக் கண்டேன். பிறநாட்டுச் சமையலில் அவருக்கு நீங்காத விருப்பு. பாரிசில் வாழும் மகனிடம் கேட்டு அவர் அண்மையிற் கற்றது 'குஸ்குஸ்' என்பது. மொறோக்கோ, அல்ஜீரியா, துனிசியா முதலிய வடஆபிரிக்க நாடுகளின் உணவு அது. கோதுமை றவையில் நீர் தெளித்துக் கையாற் பிசறி மணிமணியாக உருட்டுவர். இறைச்சியும் மரக்கறியுங் கொதிக்கும் பானையின்மேல், அடியில் துளையுள்ள கலத்தில் அதனை இட்டு ஆவியில் அவிப்பர். பின்னர் அகன்ற தட்டிற் கொட்டி, மேலே குழம்பினை ஊற்றி, சூழ்ந்திருந்து உண்பர்.

"தம்பி, இது நம் பிட்டின் உடன்பிறப்பன்றோ?" என்ற தமக்கையார், வேறு கலந் தேடாது நீற்றுப்பெட்டியையே எடுத்தார். அன்று அயல்வீட்டார் அனைவரும் அவர் முற்றத்தில் ஒருங்கிருந்து உண்டனர்.

இதனைக் கேள்வியுற்ற நண்பரொருவர், "பண்டிதர் குடும்பத்திலும் பிறநாட்டு உணவோ?" என்றார். நம் சிறுவர் பிட்டையுங் கூழையும் மறந்துவிடுவரோ என்னும் அச்சமே அவ்வினாவின் அடியிலுள்ளது. அது புறந்தள்ளத்தக்க அச்சமன்று.

ஆயினும் நம் அடுக்களையைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசை 1619இற் கைப்பற்றி, 1658இல் ஒல்லாந்தரிடம் இழந்தனர். அவராட்சி நாற்பதாண்டும் நிரம்பவில்லை. அவர் மொழியினின்று வந்த 'குசினி', 'பாண்' என்னுஞ் சொற்களோ இன்றும் நம் நாவில் உள்ளன. மிளகாயும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்துக்குரியவை; 1492இற் கொலம்பசு அங்குச் செல்லுமுன் நம் முன்னோர் அவற்றை அறியார். அவர்க்கு உறைப்புத் தந்தது மிளகே. இன்று மிளகாயின்றி ஒடியற்கூழ் காய்ச்ச உடன்படுவார் யார்? நமக்கே உரியதென நாம் பெருமைகொள்ளுங் கூழிலும் கடல்கடந்து வந்த பொருள்கள் கலந்துள்ளன. கூழ் அதனாற் கெட்டதன்று; சிறந்தது.

வடசொற்கள் தமிழில் வழங்குமாற்றைத் தற்சமம், தற்பவம் என இலக்கணநூலார் இருவகைப்படுத்துவர். திரிபின்றி வழங்குவது முன்னையது. தமிழோசைக்கேற்பத் திரிந்து வழங்குவது பின்னையது. உணவுக்கும் இம்முறை பொருந்தும். பாணைப் பாணாகவே உண்கின்றோம், அது தற்சமம். நீற்றுப்பெட்டியில் அவிந்த குஸ்குஸ் தற்பவம். தன் இலக்கணத்தை மறவாத மொழி கடன்சொல்லால் அழிவதில்லை; தன் கைப்பக்குவத்தை மறவாத குசினியும் அத்தகையதே. எனவே, நண்பரின் அச்சத்துக்கு மருந்து பிறர் உணவை விலக்குதலன்று. நம் உணவைச் சிறுவர்க்குக் கற்பித்தலேயாம். தமக்கையாரின் பேரப்பிள்ளைகள் தமிழ் சரளமாகப் பேசார். பாரிசிலிருந்து அவர்கள் வந்தபோது, தமக்குப் பழகிய குஸ்குசைப் பாட்டியார் கையால் உண்டு மகிழ்ந்தனர். மறுநாள் அவருடன் இருந்து பிட்டுக்கு மாக் குழைத்தனர்.

பிரிந்திருப்போரை உணவு சேர்த்துவைத்தற்குக் குஸ்குசே மற்றுமொரு சான்று. அதனைச் சமைத்தும் பகிர்ந்தும் உண்ணும் வழக்கம் 2020இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. அதற்கு அல்ஜீரியா, மொறோக்கோ, துனிசியா, மொறித்தானியா என்னும் நான்கு நாடுகளுங் கூடி விண்ணப்பித்தன. அல்ஜீரியாவுக்கும் மொறோக்கோவுக்கும் இடையிலான தரை எல்லை 1994இலேயே மூடப்பட்டதென்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

புதிய பண்டத்தைத் தனித்திருந்து சுவைப்பது நாவின் ஆசை. பிறரை அழைத்துப் பகிரும்போதே அது விருந்தாகின்றது. திருக்குறளில் விருந்தோம்பல் அதிகாரத்தைக் கற்பிக்கும் ஆசிரியர் உரை கூறுவதோடு அமையாது, தத்தம் வீட்டுக் குசினியில் எவ்வெந்நாட்டுப் பொருள்கள் உள்ளனவென மாணாக்கரை எழுதிவரச் செய்வாராக. உலக வரலாற்றின் ஒரு பகுதியை அவர்கள் தம் அம்மாவிடமே கேட்டறிவர்.