வண்டி வானொலியின் இரைச்சல்

மோட்டார் வண்டியிற் பொருத்தப்பட்ட இருவழி வானொலியில் இரைச்சல் மிகின் சொல் மறையும். நோயாளரை ஏற்றிவரும் வண்டியில் ஒரு சொல் மறைதலும் உயிர்க்குக் கேடாகலாம். ஆகவே, நோயின் காரணத்தை நாடும் மருத்துவனைப் போல, இரைச்சலின் பிறப்பிடத்தை முதலில் அறிதல் வேண்டும்.

எஞ்சினை நிறுத்தி வானொலியை மாத்திரம் இயக்குக. இரைச்சல் நீங்காவிடின் எஞ்சின் அதற்குக் காரணமன்று. எஞ்சின் ஓடுகையில் மட்டும் எழுவது இருவகைப்படும். வேகத்தோடு விரைந்து 'டிக், டிக்' எனத் துடிப்பது பெற்றோல் எஞ்சினின் மின்பொறியால் விளைவது. 1887இல் ஜேர்மனிய அறிஞர் ஹேர்ட்ஸ் மின்காந்த அலைகளைப் பிறப்பித்ததும் மின்பொறியாலேயே. எனவே ஒவ்வொரு பிளக்கும் ஒரு சிறு அலைபரப்பியாம். தடையுள்ள பிளக்குகளும் கம்பிகளும் இதனைத் தணிக்கும். வேகத்தோடு சுருதி உயரும் சீழ்க்கையொலியோ மின்பிறப்பாக்கியினின்றும் வருவது.

அடுத்து ஏரியலைக் கழற்றிக் கேட்க. ஒலி நின்றால் அது ஏரியல் வழியே புகுந்தது. நில்லாவிடின் பெரும்பாலும் மின்வழங்கு கம்பி வழியே புகுந்தது. பின்னையதற்கு, பற்றரியிலிருந்து உருகியுடன் நேரே தனிக்கம்பி இழுத்தலும், வேண்டின் வடிகட்டி இணைத்தலும் பரிகாரமாம்.

வழியறியாது வடிகட்டி வாங்குவோர் பொருளிழப்பர். செவிகொடுத்து ஆராய்வோர் குறை களைவர்.